வால்ரஸின் நாக்கு

நீங்கள் கேட்டது இது: "ஆர்க்டிக் பகுதியில் வாழும் இன்யூட் மக்களிடையே பச்சை இறைச்சியால் ஒட்டுண்ணி நோய் பரவுகிறது என்று படித்தேன். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடாதா? ஊர் மக்களை ஈடுபடுத்தி நோயைக் கட்டுப்படுத்துவது என்கிறார்களே, அது வெறும் அழகுக்குச் சொல்வதா?"

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். ஆர்க்டிக்கை நேரில் பார்த்தவனில்லை. ஆனால் இறைச்சியின் வழியாகப் பரவும் ஒட்டுண்ணிகள் என் படிப்போடு ஒட்டியவை என்பதால், இந்த விவகாரத்தைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பல இடங்களில் அது அழகுக்குச் சொல்வதுதான். ஒரு கூட்டம் போட்டு, ஒரு புகைப்படம் எடுத்து, அறிக்கையில் இரண்டு வரி சேர்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் கனடாவின் வட கியூபெக்கில், நுனாவிக் என்னும் பகுதியில் நடப்பது வேறு. அங்கே வேட்டைக்காரர் தன் கத்தியால் வால்ரஸ் என்னும் நீண்ட தந்தமுள்ள பெரிய கடல்விலங்கின் நாக்கை வெட்டி அனுப்பாவிட்டால் ஆய்வகத்துக்கு வேலையே இல்லை. ஊர் காத்திருக்காவிட்டால் ஆய்வகத்தின் முடிவுக்குப் பயனும் இல்லை.

முதலில் ஒட்டுண்ணியைப் பற்றி. அதன் பெயர் டிரைக்கினெல்லா. தசையில் சுருண்டு கிடக்கும் இளம்புழு அது, கண்ணுக்குத் தெரியாது. புழு உள்ள இறைச்சியை வேகாமல் தின்றால், நம் வயிற்றின் அமிலமே அதன் உறையைக் கரைத்து வெளியே விட்டுவிடும். அது சிறுகுடலின் சுவருக்குள் புகுந்து, ஓரிரு நாளில் வளர்ந்து, இணை சேர்கிறது. பெண் புழு முட்டையிடுவதில்லை, குட்டிகளையே ஈனுகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தக் குட்டிகள் நூற்றுக்கணக்கில் இரத்தத்தில் ஏறித் தசைகளைத் தேடிப் போகின்றன. ஒரு தசை உயிரணுவுக்குள் நுழைந்ததும் அதைத் தனக்குச் சோறு ஊட்டும் தாதியாகவே மாற்றிவிடுகின்றன. பிறகு அங்கேயே பல ஆண்டுகள் காத்திருக்கும். மனிதரிடம் முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், எழுந்து நடக்க முடியாத தசைவலி. இரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஏறிக்கிடக்கும். கடுமையான நிலையில் இதயத் தசையும் மூளையும் தாக்கப்படலாம். குடற்புழுவுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் போன்ற மருந்துகள்தான் இதற்கும். ஆனால் புழு குடலில் இருக்கும்போதே கொடுத்தால்தான் அவற்றுக்கு முழுப் பலன்.

பன்றி இறைச்சியில் வரும் டிரைக்கினெல்லாவைப் பற்றிப் படித்தவர்கள் உடனே கேட்பது, "உறைய வைத்தால் செத்துவிடுமே?" என்பது. அது வேறு இனம். அந்த இனத்தை மைனஸ் 15 டிகிரியில் மூன்று வாரம் வைத்தால் போதும். ஆர்க்டிக்கில் இருப்பது டிரைக்கினெல்லா நேட்டிவா. துருவ நரி, பனிக்கரடி, வால்ரஸ் ஆகியவற்றின் உடலில் குடியிருந்து பழகிய இனம். பனியில் உறைந்து கிடக்கும் பிணத்தை அடுத்த விலங்கு வந்து தின்னும் வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அதன் பிழைப்பு. ஆண்டுக்கணக்கில் உறைந்த இறைச்சியிலும் அது உயிரோடு இருந்திருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் ஒரு குடும்பம் ஒன்றுகூடிக் கருங்கரடிக் கறியில் கபாப் செய்து சாப்பிட்டது. கனடாவின் சஸ்காச்சுவனில் வேட்டையாடிய கரடி. 45 நாள் உறைய வைத்திருந்தார்கள். ஆறு பேருக்கு நோய் வந்தது. அவர்களில் இருவர் கறியைத் தொடவே இல்லை. கறியோடு சேர்த்துச் சுட்ட காய்கறியை மட்டும் தின்றவர்கள். புழு நேட்டிவாதான்.

ஆகவே வீட்டுக் குளிர்பெட்டி இதற்கு உதவாது. உள்பாகம் 71 டிகிரி செல்சியஸ் சூடேறும் வரை வேகவைத்தால் புழு நிச்சயம் சாகும். இதுதான் உங்கள் முதல் கேள்வியின் பலம். விஞ்ஞானமாகப் பார்த்தால் உங்கள் பக்கம் தவறே இல்லை.

ஆனால் வேகவைக்கச் சொல்வதென்றால் எதை மாற்றச் சொல்கிறோம் என்று பாருங்கள். இன்யூட் நிலம் மரம் வளராத நிலம். பல நூற்றாண்டுகளாக அவர்களுக்கு இருந்த நெருப்பு, சீல் என்னும் கடல்விலங்கின் எண்ணெயில் எரியும் குள்ளிக் என்னும் கல்விளக்கு. அதில்தான் பனியை உருக்கிக் குடிநீர் ஆக்க வேண்டும், வீட்டைச் சூடாக்க வேண்டும், ஈர உடையைக் காயவைக்க வேண்டும். மிச்சமிருந்தால் சமைக்கலாம். பச்சையாகவும் உறைந்தபடியும் தின்பது அங்கே சோம்பலால் வந்த பழக்கமில்லை. காய்கறி விளையாத நாட்டில், வேகவைத்தால் அழிந்துபோகும் வைட்டமின் சி இப்படித்தான் உடலுக்குக் கிடைத்தது. திமிங்கிலத் தோலான மக்தாக்கைப் பச்சையாகத் தின்று ஸ்கர்வி நோய் வராமல் அவர்கள் வாழ்ந்தார்கள். அதே கடலில் டப்பா உணவோடு வந்த ஐரோப்பிய மாலுமிகள் பல் உதிர்ந்து செத்தார்கள்.

இன்றைக்கும் கடை உணவு விமானத்திலோ, கோடையில் மட்டும் வரும் கப்பலிலோதான் வர வேண்டும். விலை தெற்கே உள்ளதைப் போலப் பல மடங்கு. கனடாவின் இன்னோர் இன்யூட் பகுதியான நுனாவுட்டில் 2007, 2008ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கெடுப்பில் ஏறக்குறைய 70 சதவீத இன்யூட் குடும்பங்கள் போதிய உணவு உறுதியில்லாதவை என்று தெரிந்தது. அந்த வீட்டுக்கு ஒரு வால்ரஸ் என்பது வெறும் கலாச்சாரச் சின்னமில்லை. நன்கு வளர்ந்த ஆண் ஒன்று டன் கணக்கை நெருங்கும். அதிலும் இகுனாக் என்று ஒன்று உண்டு. வால்ரஸ் இறைச்சியைக் கொழுப்போடு தோலுக்குள் வைத்துத் தைத்து, கோடையின் இறுதியில் கடற்கரைச் சரளைக்குள் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவிட்டுப் பிறகு எடுத்துத் தின்பது. பெரியவர்களுக்கு அதைவிட உயர்ந்த விருந்து இல்லை. இகுனாக்கை வேகவைக்கச் சொல்வது, மோரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வது மாதிரி. செய்யலாம். ஆனால் அதன் பெயர் மோர் இல்லை.

இன்னொன்று, பகிர்வு. வேட்டையாடி வந்தவர் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. ஊரில் யாருக்கு எந்தப் பங்கு என்பதற்கு ஒழுங்கு உண்டு. கிழவிக்கு, விதவைக்கு, படகு கொடுத்தவருக்கு, உறவுக்கு, பக்கத்து ஊருக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். பட்டினி நாட்களில் இந்த ஒழுங்குதான் ஊர்களைக் காப்பாற்றியது. புழு உள்ள ஒரே ஒரு விலங்கு சிக்கிவிட்டால் அதே ஒழுங்கு நோயையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1999இல் வட கனடாவில் வால்ரஸ் இறைச்சியால் ஒரே பரவலில் 34 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்கு வெகு முன்பு, 1947இல், கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் சுமார் 300 பேருக்கு இந்த நோய் வந்து 33 பேர் இறந்தார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இறைச்சி எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில்தான் செய்தியும் போக முடியும். யார் யார் வீட்டுக்கு எந்தத் துண்டு போனது என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் நோய்த்தடுப்பு அதிகாரி அதை வாரக்கணக்கில் விசாரித்தாலும் பிடிக்க முடியாது. ஊர்க்காரர் ஒரு மாலையில் சொல்லிவிடுவார்.

இன்னொரு கிளைக்கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடநூல் தோற்ற இடம் அது. 1980களில் வட கியூபெக்கில் வால்ரஸ் தின்றவர்களிடம் விசித்திரமான வயிற்றுப்போக்கு தோன்றியது. வாரக்கணக்கில் நீடித்தது. காய்ச்சல் இல்லை, தசைவலியும் பெரிதாக இல்லை. மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் டிக் மக்லீனும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து, இதுவும் டிரைக்கினெல்லாதான் என்று காட்டினார்கள். முன்பே ஒருமுறை புழு புகுந்து எதிர்ப்பாற்றல் பெற்ற உடலில் மறுபடி புழு புகுந்தால், அது தசையை எட்டாமல் குடலிலேயே நீண்ட போராட்டமாக முடிகிறது என்பது அவர்கள் விளக்கம். கண் வீக்கத்தையும் தசைவலியையும் மட்டும் தேடிக்கொண்டிருக்கும் மருத்துவர் இவர்களைத் தவறவிட்டுவிடுவார். "போன வாரம் என்ன தின்றீர்கள், யாரோடு தின்றீர்கள்?" என்ற கேள்விக்கு நோயாளி மனம் திறந்து பதில் சொன்னால்தான் கண்டுபிடிக்க முடியும். திட்டு விழும் என்று பயந்தால் யார் சொல்வார்கள்?

அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. இன்யூட் மக்களுக்கு "உங்கள் நன்மைக்காக" என்று தெற்கிலிருந்து வந்தவை எப்படி இருந்தன என்பதை அவர்கள் மறக்கவில்லை. 1950இலிருந்து சி. டி. ஹவ் என்ற கப்பல் கோடைதோறும் வந்து எக்ஸ்ரே எடுத்து, காசநோய் தெரிந்தவர்களை அப்படியே தெற்கே கூட்டிப்போனது. 1950களின் நடுவில் ஏழு இன்யூட்டில் ஒருவர் தெற்கு மருத்துவமனைகளில் இருந்ததாகக் கணக்கு. பலர் திரும்பவில்லை, எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாமலே போனவர்கள் உண்டு. அதற்காகக் கனடா அரசு 2019இல் மன்னிப்புக் கேட்டது. நுனாவிக்கில் 1950களிலும் 60களிலும் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களை, வேட்டைக்கு ஆதாரமானவற்றை, போலீசும் அதிகாரிகளும் சுட்டுத் தள்ளினார்கள். அதற்கான கனடா அரசின் மன்னிப்பு 2024இல்தான் வந்தது. நோய்த்தடுப்போடு இதற்கு நேரடிச் சம்பந்தம் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஓர் ஊரில் அறிவுரை சொல்ல நிற்கும்போது நமக்கு முன்னால் அங்கே நின்றவர் யார், அவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பதுதான் நம் சொல்லின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

இதைவிட நெருக்கமான பாடம் ஒன்றும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் நுனாவிக் தாய்மார்களின் பாலில் பிசிபி என்னும் தொழிற்சாலை நச்சு தெற்கே உள்ள தாய்மார்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு இருந்தது தெரியவந்தது. நச்சு அவர்கள் செய்ததில்லை. காற்றும் கடலும் சுமந்து வந்தது, கடல் விலங்குகளின் கொழுப்பில் சேர்ந்தது. செய்தி ஊர்களுக்குள் வந்த விதம்தான் பெரும் கேடு. உணவும் தாய்ப்பாலும் விஷம் என்று மட்டும் காதில் விழுந்தது; என்ன செய்யலாம் என்பது விழவில்லை. பயந்துபோய்க் கடை உணவுக்கும் பால்பவுடருக்கும் போகிறவருக்கு நேரும் நஷ்டம் சிறியதில்லை. அதற்குப் பிறகு நுனாவிக்கில் உணவைப் பற்றி எதை அறிவிப்பதென்றாலும், முதலில் உள்ளூர் ஆட்களோடு உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று பேசாமல் யாரும் வாய் திறப்பதில்லை என்று சொல்லலாம்.

இந்தப் பின்னணியில்தான் 1992இல் நுனாவிக் டிரைக்கினெல்லா தடுப்புத் திட்டம் தொடங்கியது. "பச்சையாகத் தின்பதை எப்படி நிறுத்துவது?" என்று யாரும் கேட்கவில்லை. "இந்தக் குறிப்பிட்ட விலங்கில் புழு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். என் பார்வையில் மொத்தத் திட்டத்தின் மேதைமையும் கேள்வியை மாற்றியதில் இருக்கிறது. பெரும்பாலான வால்ரஸ்களில் புழு இல்லை. மிகச் சிலவற்றில்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தச் சிலவற்றைப் பிரித்து எடுத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் பாட்டன் தின்றது போலவே பச்சையாகத் தின்னலாம், இகுனாக்கும் போடலாம்.

நடப்பது இப்படி. வேட்டைக்குப் போகிறவர்கள் வீழ்த்திய ஒவ்வொரு வால்ரஸிலிருந்தும் நாக்கை வெட்டி எடுக்கிறார்கள். நாக்கு ஏன் என்றால், ஓயாமல் வேலை செய்யும் தசை அது. புழு விரும்பித் தங்கும் இடம். எந்த நாக்கு எந்த விலங்கினுடையது, எந்த இறைச்சி எந்த விலங்கினுடையது என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். இது கேட்பதற்குச் சின்ன வேலை. நடுங்கும் குளிரில், ஆடும் படகில், இரத்தம் தோய்ந்த கையோடு பல விலங்குகளைக் கூறுபோடும்போது செய்து பாருங்கள். அடையாளம் மாறிப்போனால் ஒரு விலங்கில் புழு இருந்தாலும் எல்லா இறைச்சியையும் வீச வேண்டி வரும். ஆகவே இதில் கவனமாக இருப்பது வேட்டைக்காரரின் சொந்த நலனும்கூட.

நாக்கு விமானத்தில் கூஜுவாக் போகிறது. நுனாவிக்கில் 14 ஊர்கள். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் சாலை கிடையாது. கூஜுவாக்கில் இருக்கும் நுனாவிக் ஆராய்ச்சி மையம் மக்கிவிக் என்னும் அமைப்பைச் சேர்ந்தது. 1975இல் இன்யூட், க்ரீ மக்களுக்கும் அரசுகளுக்கும் இடையே ஏற்பட்ட ஜேம்ஸ் பே ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இன்யூட் மக்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட அமைப்பு அது. ஆய்வகமே அவர்களுடையது என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உங்கள் இறைச்சி நல்லதா கெட்டதா என்று எங்கோ ஒரு நகரத்து அலுவலகம் சொல்வதற்கும், உங்கள் அமைப்பின் ஆய்வகம் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

சோதனை முறை எனக்குப் பிடித்த ஒன்று. நாக்குத் துண்டை அரைத்து, பெப்சின் என்னும் செரிமான நொதியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கலக்குகிறார்கள். அதாவது கண்ணாடிக் குடுவையில் ஒரு செயற்கை வயிறு. தசை கரைந்துவிடும், புழு கரையாது. மனித வயிற்றில் எந்தத் தந்திரத்தால் அது தப்புகிறதோ அதே தந்திரம் இங்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது. சல்லடையில் வடித்து, கூம்புக் குடுவையில் அடியில் படியவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் சுருளாக நெளியும். பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. கல்லூரியில் நாங்கள் பதப்படுத்திய வில்லைகளில் மட்டுமே பார்த்த புழுவை அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் உயிரோடு பார்க்கிறார்கள். மாதிரி வந்து சேர்ந்த ஒரு நாளுக்குள் முடிவு சொல்லிவிடுவது வழக்கம்.

அந்த ஒரு நாளும், விமானத்துக்கு ஆகும் நாட்களும் இறைச்சி ஊரில் காத்திருக்க வேண்டும். இங்கேதான் திட்டம் முழுவதும் ஊரின் கையில் இருக்கிறது. படகு வந்துவிட்டது, எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள், பெரியவர்கள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்த உணவு கண்ணெதிரே கிடக்கிறது. தொடாதே என்று சொல்ல அங்கே போலீஸ் இல்லை, சட்டம் இல்லை. காத்திருப்போம் என்று ஊரே ஒப்புக்கொண்டால்தான் உண்டு. ஒப்புக்கொள்கிறார்கள், ஏனென்றால் முடிவு சீக்கிரம் வரும் என்றும், பெரும்பாலும் "தின்னலாம்" என்றே வரும் என்றும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். எப்போதும் "கூடாது" என்றே சொல்லும் அலுவலகத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். நல்ல முடிவும் கெட்ட முடிவும் ஊர் நிர்வாகத்துக்கும் வேட்டைக்காரர்களுக்கும் மருத்துவ நிலையத்துக்கும் போய், உள்ளூர் வானொலியில் இனுக்டிடுட் மொழியில் அறிவிக்கப்படுகிறது. அந்த ஊர்களில் வானொலி என்பது நம்மூர்த் திண்ணை மாதிரி. எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும். புழு இருந்தால் அந்த விலங்கின் இறைச்சியைச் சேகரித்து அழித்துவிடுகிறார்கள்.

1997இல் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள இனுக்ஜுவாக்கில் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. திட்டம் இருந்தும் நோய் தலைகாட்டியது. ஆனால் பரவல் விரைவிலேயே அடக்கப்பட்டது. ஆய்வகம், பிராந்தியப் பொதுச் சுகாதாரத் துறை, ஊர் நிர்வாகம், ஊர்மக்கள் ஆகிய நான்கு தரப்பும் ஏற்கெனவே பேசிப் பழகியவர்களாக இருந்ததே அதற்குக் காரணம் என்று பிறகு மருத்துவ இதழில் எழுதப்பட்ட கட்டுரையும் சொல்கிறது. எனக்கு இந்தச் சம்பவத்தில் முக்கியமாகப் படுவது ஊரின் பெயர். 1953இலும் 1955இலும் அரசு சில இன்யூட் குடும்பங்களைக் கப்பலேற்றி, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே, ஆண்டில் பல மாதம் சூரியனே எழாத ரெசொலூட்டிலும் கிரைஸ் ஃபியர்டிலும் இறக்கிவிட்டது. பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் இதே இனுக்ஜுவாக்கைச் சேர்ந்தவை. அரசுத் துறைகளை நம்பாமல் இருக்க இந்த ஊருக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்த ஊர்தான் ஒரு சுகாதார அறிவிப்பைக் கேட்டு, வீட்டில் இருந்த இறைச்சியைப் பற்றி மறைக்காமல் பேசியது. வரலாறு மறந்து போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் நின்ற ஆய்வகம் அவர்களுடையது.

வேட்டைக்காரர்களிடம் இருக்கும் அறிவு வெறும் "மாதிரி சேகரிப்பு" மட்டுமில்லை. வால்ரஸ் கடலடியில் சிப்பி தின்னும் விலங்கு. அதற்கு எப்படி இறைச்சிப் புழு வந்தது என்பது விஞ்ஞானிகளுக்கு நெடுநாள் புதிராக இருந்தது. இன்யூட் வேட்டைக்காரர்களுக்கு ஒன்று தெரியும்: சில வால்ரஸ்கள் சீலைப் பிடித்துத் தின்னும். அப்படிப்பட்டவற்றைத் தோற்றத்தை வைத்தே அடையாளம் காண்பார்கள், தவிர்க்கவும் செய்வார்கள். சீலையும் பிற பிணங்களையும் தின்னும் வால்ரஸ்தான் புழுவை வாங்கிக்கொள்கிறது என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். வேட்டை முகாமில் இரண்டு வாரம் தங்குகிறவர்கள் முடிவு வரும்வரை பட்டினி கிடக்க மாட்டார்கள். புயலில் விமானம் நின்றால் நாக்கும் நிற்கும். இகுனாக்கைக் கரையிலேயே புதைத்துவிட்டு வருகிறவர்கள் எந்தக் குழியில் எந்த விலங்கு என்று குறித்து வைக்காவிட்டால், பிறகு "புழு உண்டு" என்று தெரிந்தும் பயனில்லை. புளிக்க வைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பவும் முடியாது. இதோடு பாட்டுலிசம் என்னும் நச்சுநோய் வேறு. அது புழு இல்லை, பாக்டீரியா. சரளைக்குழிக்குப் பதில் பிளாஸ்டிக் வாளியிலும் பையிலும், வீட்டுச் சூட்டில் புளிக்க வைக்கும்போது அதன் ஆபத்து கூடுகிறது. இதில் பழைய முறையே புதியதைவிடப் பாதுகாப்பானது. கோடை நீண்டுகொண்டே போவதால் குழிகளின் குளிர்ச்சியும் முன்போல் இல்லை என்ற கவலை பெரியவர்களிடம் இருக்கிறது. ஆள் மாறும் பிரச்சினையும் உண்டு: தெற்கிலிருந்து வரும் செவிலியரும் மருத்துவரும் சில மாதங்களில் போய்விடுவார்கள், புதியவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் மாறாமல் இருப்பதால்தான் திட்டத்தின் நினைவாற்றல் அறுந்துபோகாமல் இருக்கிறது. இகுனாக்குக்குப் பெயர்போன நுனாவுட்டின் இக்லூலிக்கிலும் வால்ரஸ் சோதனை உள்ளூரிலேயே நடந்திருக்கிறது. ஆனால் அங்கே ஊர்கள் இன்னும் அகலமாகச் சிதறிக் கிடக்கின்றன.

எல்லா ஒட்டுண்ணிக்கும் இந்த மாதிரி பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்சோபிளாஸ்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பூனையின் குடலில் பெருகி, பச்சை இறைச்சி வழியாகவும் பரவும் நுண்ணிய ஒட்டுண்ணி அது. 2004இல் நுனாவிக்கில் எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேரிடம் அது உடலில் புகுந்த தடயம் இருந்தது. பூனையே அரிதான நாட்டில்! சாதாரண ஆளுக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. கருவில் இருக்கும் குழந்தைக்குச் செய்யும். 1987இல் வட கியூபெக்கில் கர்ப்பிணிகளிடையே ஒரு பரவல் நிகழ்ந்தபோது, விலங்கின் தோலை உரிப்பதும் சீல், கரிபு மான் இறைச்சியைப் பச்சையாகத் தின்பதும் காரணங்களாகத் தெரிந்தன. இங்கே ஒவ்வொரு சீலையும் சோதித்து முடிவு சொல்வது நடக்காத காரியம். விலங்குகள் அதிகம், உடனுக்குடன் தின்னப்படுபவை. ஆகவே விலங்கை விட்டுவிட்டு கர்ப்பிணியின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். தொற்று இதுவரை வராதவர் என்றால் அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் பச்சை இறைச்சி வேண்டாம், தோல் உரிக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும் என்று சொல்கிறார்கள். ஊருக்கெல்லாம் தடை இல்லை, ஒருவருக்குச் சில மாதம். அந்த வேலையைத் தாங்கிக்கொள்ள அக்காவும் மாமியாரும் வர வேண்டும். ஊர் ஈடுபாடு என்பது இங்கே வீட்டுக்குள் நடக்கிறது, எந்த அறிக்கையிலும் வராது.

கடைசியாக, "வேகவைக்கச் சொன்னால் என்ன?" என்ற உங்கள் முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். பனிக்கரடியைப் பாருங்கள். பல பகுதிகளில் சோதித்த பனிக்கரடிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் டிரைக்கினெல்லாவின் தடயம் இருந்திருக்கிறது. வால்ரஸ் போல ஒன்றிரண்டைப் பிரித்தெடுக்கும் கதை இதில் எடுபடாது. 1897இல் பலூனில் வட துருவம் போகப் புறப்பட்டு, பனியில் இறங்கி நடந்து, வெள்ளைத் தீவில் இறந்துபோன சுவீடனின் ஆண்ட்ரேயும் அவருடைய இரண்டு தோழர்களும் வழியெல்லாம் கரடிக் கறி தின்றவர்கள். 1930இல் அவர்கள் முகாம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடந்த கரடியின் மிச்சத்தில் டிரைக்கினெல்லா இருந்ததைக் கண்ட டேனிஷ் மருத்துவர் எர்ன்ஸ்ட் டிரைட், அவர்கள் இதனால்தான் இறந்தார்கள் என்று 1952இல் எழுதினார். அதை மறுப்பவர்களும் உண்டு. நன்கு படித்தவர்களின் கூடாரத்தில் நடந்தது இது.

அதே பனிக்கரடியை இன்யூட் வீடுகளில் எப்படித் தின்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீண்ட நேரம் கொதிக்கவிட்டுத் தின்கிறார்கள். ஈரலைத் தொடுவதே இல்லை. அதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வைட்டமின் ஏ இருக்கிறது என்று நமக்குத் தெரிய இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. சீலையும் கரிபுவையும் வால்ரஸையும் பச்சையாகத் தின்னும் அதே கைகள்தான் கரடிக்கு மட்டும் பானையை ஏற்றுகின்றன. எதை வேகவைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் போய்ச் சொல்லித் தெரிந்ததில்லை.